சேஃப்டி லீவரை ராவக் கொடுத்தவனின் கதை

1911 வகைப் பிஸ்டல் வைத்திருக்கிறீர்களா? பிடிக்கும்போது சேஃப்டி லீவர் (மேலே ஏற்றினால் சுட முடியாதபடி பூட்டும் சிறு நெம்புகோல்) கையை உறுத்துகிறதே, யாரிடமாவது கொடுத்துக் கொஞ்சம் ராவி வாங்கலாம் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நானும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பிடி வெண்ணெய் மாதிரி இருந்தது. சேஃப்டிதான் இல்லை. அதாவது லீவர் இருந்தது, மேலும் கீழும் ஏறி இறங்கியது, வேலை மட்டும் செய்யவில்லை.

நான் போட்டிக்குச் சுடுபவன், வலது கைப்பழக்கம். என் பிஸ்டலில் இரண்டு பக்கமும் லீவர் உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட மூலத் துப்பாக்கியில் இடது பக்கம் மட்டும்தான் லீவர், அதுவும் குட்டியானது. முந்தைய 1910 மாதிரியில் அதுவும் கிடையாது. குதிரைப்படை கேட்ட பிறகு சேர்த்தார்கள். இடதுகைக்காரர்களுக்காக வலது பக்க லீவர் வந்தது பிற்காலத்தில். எனக்கு அது தேவையே இல்லை, ஆனால் துப்பாக்கி அப்படித்தான் வந்தது. உயர்த்திப் பிடித்தால் ஆள்காட்டி விரலின் அடி மூட்டில் அந்த வலது லீவர் குத்தும். நூறு ரவுண்டு சுட்டால் தோல் சிவந்துவிடும்.

இடது லீவரின் கதை வேறு. சுடும்போது கட்டைவிரலை அதன் மேலேயே வைத்திருப்பேன். விரல் அடியில் இருந்தால் உதைப்பில் லீவர் மேலே தள்ளப்பட்டு, சுடும் நடுவிலேயே சேஃப்டி பூட்டிக்கொள்ளலாம். அதனால் அதன் அகலம் குறையக் கூடாது, ஓரம் மட்டும் மழுங்கினால் போதும். இந்த இரண்டையும் தாளில் எழுதியே துப்பாக்கி வேலை செய்பவரிடம் கொடுத்தேன்: வலது லீவர் பாதி அகலம், இடது லீவர் ஓரம் மட்டும். அவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். “இதெல்லாம் ஒரு வேலையா தம்பி, வச்சிட்டுப் போங்க” என்றார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். நல்ல வேலைக்காரர் எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் நம் கண் முன்னால் சோதித்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவார். இவர் தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் மேசை இழுப்பறையில் போட்டார்.

பத்து நாள் கழித்து வாங்கி வந்தேன். ஓரங்கள் வழவழப்பு, மூட்டில் உறுத்தல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் காலியா என்று பார்த்து, தோட்டா வெடிக்க அடிக்கும் சுத்தியலான ஹேமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தினேன். ஹேமர் விழவில்லை. சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று அதோடு விட்டுவிட்டேன். என் பங்குக்கு நான் செய்த தவறு அதுதான். பாதிச் சோதனை அது.

நான்காம் நாள், வீட்டில் தோட்டா எதுவும் வைக்காத ஓர் அறையில் நின்று, காலித் துப்பாக்கியை உறையிலிருந்து உருவிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு முறை அவசரத்தில் சேஃப்டியை இறக்காமலே ட்ரிகரை அழுத்திவிட்டேன். அசையவில்லை. விரலை வெளியே எடுத்தேன். பிறகு கட்டைவிரலால் லீவரைக் கீழே தள்ளினேன். டக். ஹேமர் விழுந்தது. ட்ரிகர் பக்கம் விரலே இல்லை. சில நொடி அப்படியே நின்றேன். மறுபடி செய்து பார்த்தேன். ஆறு முறையில் இரண்டு முறை விழுந்தது.

ஏன் இப்படி என்றால், லீவரின் உட்பக்கம் ஒரு சிறு குமிழ் உண்டு. சேஃப்டி போட்டதும் அது சியரின் (ஏற்றிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சிறு துண்டு) காலுக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும். ட்ரிகர் எவ்வளவு தள்ளினாலும் சியர் அசையக் கூடாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அந்தக் குமிழைக் கையால் ராவித்தான் பொருத்துவார்கள். நாலு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டிப் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு, மறுபடி மாட்டிப் பார்ப்பது என்று போகிற வேலை. ஒரு மயிரிழை அதிகமானால் சியர் கொஞ்சம் நகரும். ஹேமரின் கொக்கி விளிம்பில் வந்து தொங்கி நிற்கும். சேஃப்டியை எடுத்ததும் அந்த விளிம்பும் நழுவும்.

ஆனால் நான் ராவச் சொன்னது வெளிப்பக்கத்தை. உட்பக்கக் குமிழ் ஏன் தேய்ந்தது?

வேறொருவரிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. அது என் இடது லீவரே இல்லை. என்னுடையதில் கட்டைவிரல் படும் இடத்தில் நெருக்கமான மெல்லிய கோடுகள் இருக்கும். இதில் கோடுகள் அகலம், அடிப்பக்கம் அச்சில் வார்த்த தையல் கோடு. என்னுடையதைச் சாணையில் சூடேற்றிக் கெடுத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார், நானும் அதைத்தான் நம்புகிறேன். வேறு ஒன்றை எடுத்துக் குமிழை அவசரமாகச் சாய்வாக ராவி மாட்டிவிட்டார்கள். சியரில் அதன் ஒரு மூலை மட்டும்தான் தொட்டது. போதாக்குறைக்கு இரண்டு லீவரும் நடுவில் சேருகிற நாக்கும் பள்ளமும் ஒட்டாமல் வலது லீவர் தனியாக ஆடியது.

முதல் ஆளிடம் கேட்டேன். “பாலிஷ் போட்டதில கோடு மாறியிருக்கும் தம்பி. பழகப் பழகச் செட்டாயிடும்” என்றார். தேய்ந்த இரும்பு பழகப் பழக வளருமா? வார்த்த கோடு பாலிஷில் முளைக்குமா? கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்டேன். வேலை செய்ததற்குத்தானே கூலி என்றார்.

போட்டிகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஐபிஎஸ்சி (இந்த வகைச் சுடும் போட்டிகளை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு) விதிப்படி இந்த வகைப் பிஸ்டலைத் தோட்டா அறையில், ஹேமர் ஏற்றிய நிலையில் உறையில் வைத்துத் தொடங்கினால் சேஃப்டி போட்டிருக்க வேண்டும். சேஃப்டி போடாமல் உறையில் வைத்தால் வெளியேற்றிவிடுவார்கள். நான் விதியை மதித்து, வேலை செய்யாத சேஃப்டியைப் போட்டுக்கொண்டு இடுப்பில் கட்டியிருப்பேன்.

சோதனையின் மறுபாதியைச் சொல்லிவிடுகிறேன். கூலி கொடுக்கும் முன் அங்கேயே செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, அறை காலி என்று இரண்டு முறை பார்த்து, பாதுகாப்பான பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஹேமரை ஏற்றி சேஃப்டி போட்டு, கைப்பிடியின் பின்பக்கம் உள்ள பிடிச் சேஃப்டியும் அழுந்தும்படி இறுக்கிப் பிடித்து ட்ரிகரை வலுவாக அழுத்துங்கள். ட்ரிகரை விட்டுவிட்டு சேஃப்டியை எடுங்கள். ஹேமர் விழக் கூடாது. விழவில்லையே என்று அங்கே நிறுத்தாதீர்கள். ஹேமரைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தால் சியர் நகர்ந்து இப்போதுதான் இடத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். எந்தச் சத்தமும் வரக் கூடாது. நான் வாங்கி வந்த அன்றே இதைச் செய்திருந்தால் அந்த ‘டிக்’ கேட்டிருக்கும்.

வேலைக்குக் கொடுக்கும் முன் லீவரை இரண்டு பக்கமும், பிரிக்கத் தெரிந்தால் குமிழையும், போட்டோ எடுத்து வையுங்கள். என்னிடம் பழைய போட்டோ ஒன்று தற்செயலாக இருந்ததால்தான் மாற்றியது நிரூபணமானது. வெளி ஓரத்தை மழுக்க உட்பக்கத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. யாராவது தொட வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாமவர் புது லீவர் போட்டுப் பொருத்திக் கொடுத்தார். அவர் வாங்கும்போதும் கொடுக்கும்போதும் என் முன்னால் சோதித்தார், காதை வைத்துக் கேட்கச் சொன்னதும் அவர்தான். வலது லீவர் இப்போது பாதி அகலம், மூட்டில் படுவதில்லை. முதல் ஆளிடம் என் பழைய லீவரையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். மூன்று வாரம் ஆகிறது.