ஜோடியா, சிட்னியா?

அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் தன்பாலீர்ப்பாளர்கள் முக்கியப் பாத்திரங்களாக வரத் தொடங்கிய காலத்துக்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. 1977இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சோப்’ தொடரின் ஜோடி டல்லாஸ் என்ற இளைஞன் ஒருவன். 1981இல் என்பிசி தொலைக்காட்சியில் வந்த ‘லவ், சிட்னி’யின் சிட்னி ஷோர் இன்னொருவர். இரண்டில் எது மேல்?

ஜோடி டல்லாஸாக நடித்த பில்லி கிரிஸ்டல் அப்போது வளர்ந்துவரும் நடிகர். ஜோடி தன் ஈர்ப்பை மறைப்பதில்லை. ஆனால் கதாசிரியர்கள் அவனை நிம்மதியாக இருக்க விட்டால்தானே! அமெரிக்கக் கால்பந்து வீரனோடு காதல், பாலின மாற்று அறுவைச் சிகிச்சைப் பேச்சு, தற்கொலை முயற்சி, அப்புறம் ஒரு பெண்ணோடு குழந்தை, அதற்காக நீதிமன்ற வழக்கு. கடைசியில், மனோவசியத்துக்கு ஆளாகித் தன்னை யூதக் கிழவர் என்றே நம்பிவிடுகிறான்.

சிட்னியாக நடித்த டோனி ராண்டல் கதை நேர்மாறு. ‘தி ஆட் கப்பிள்’ தொடருக்காக 1975இல் எம்மி விருது வாங்கியவர், சிட்னியாக வரும்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தொடருக்கு முன் வந்த தொலைக்காட்சிப் படத்தில் சிட்னி தன்பாலீர்ப்பாளர் என்பது தெளிவு. மதவாத அமைப்புகள் எதிர்த்ததும், தொடரில் அதைப் பூசி மெழுகிவிட்டார்கள். இறந்த காதலன் மார்ட்டினின் புகைப்படம் மட்டும் வீட்டில் மிஞ்சியது. எழுத்தில் இல்லாத ஏக்கத்தை ராண்டல்தான் பார்வையிலும் தயக்கத்திலும் கொண்டுவர வேண்டியிருந்தது.

துணிச்சலுக்கு ‘சோப்’, நடிப்புக்கு ராண்டல். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ‘சோப்’ பக்கம். தடுமாறினாலும் வாய்விட்டுப் பேசியது அதுதான். அது நான்கு பருவங்கள் ஓடியது, ‘லவ், சிட்னி’ இரண்டோடு 1983இல் நின்றது.