அரிட்டாபட்டியா, கீழவளவா, அழகர்மலையா? மேலூரிலிருந்து ஒரு காலை நடை

மேலூரை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். மதுரை–திருச்சி சாலையில் ஒரு நிறுத்தம், ஒரு டீ, அவ்வளவுதான். பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல்லும் கரும்பும் வாழையும் போடுகிற ஊரில் நடந்து பார்க்க என்ன இருக்கும் என்று நினைப்பார்கள் போல. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மறுநாள் காலை எங்கே கூட்டிப்போவது என்று முந்தைய இரவே பஞ்சாயத்து நடக்கும். போட்டியில் எப்போதும் மூன்று இடங்கள்: அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை.

பலமுறை போய்வந்ததில் எனக்குப் புரிந்தது, இங்கே ஏற்றத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, நிழலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். குட்டிப் பாறைதானே என்று பத்து மணிக்குக் கிளம்பினால் அது அடுப்பில் வைத்த தோசைக்கல். மூன்றில் பெரிய மலையான அழகர்மலைதான் உண்மையில் நடக்க எளிது.

அரிட்டாபட்டியிலிருந்து தொடங்குகிறேன், எனக்குப் பிடித்தது அது. மேலூரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போல இருக்கும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம்; பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர். வரிசையாக ஏழு குன்றுகள், இடையிடையே கண்மாய்கள், சுனைகள். சுமார் 250 வகைப் பறவைகளைக் கணக்கில் காட்டுகிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி ஆகியவற்றைத் தேடி கேமராவோடு வருகிறவர்கள் உண்டு. பறவை தெரியாத என்னைப் போன்றவர்களுக்குக் கழிஞ்சமலைக் குகைத்தளம் போதும். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு சமணத் துறவிகள் தங்குவதற்காகச் செய்த ஏற்பாடு. நம் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் இன்றும் கொத்தனார் அதே மாதிரி ஒரு கோடு இழுத்துவிடுவார். உள்ளே தமிழி, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. குன்றின் இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம், தமிழ்நாட்டில் அரிதானது. கோயில் பூட்டியிருந்தால் ஊருக்குள் கேட்டுப் பாருங்கள்.

குறை? நிழல் கிடையாது, கடை கிடையாது. குன்றுக்குக் குன்று நடக்க வேண்டும், வழிகாட்டிப் பலகையை நம்பிப் போகக்கூடாது. ஆடு மேய்ப்பவர்களைக் கேட்பதே மேல். ஆறரைக்கு அங்கே இருந்து ஒன்பதுக்குள் இறங்கிவிட்டால் அருமையான இடம். மார்கழி, தை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்த வட்டாரம் ஏலம் போனதை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் மதுரைக்கே நடந்து போனார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதனால் கேமராவும் கையுமாக நிற்கிற புதுமுகத்தை யாராவது நிறுத்தி "எந்த ஊரு? என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

கீழவளவு எதிர்த்திசையில், திருப்பத்தூர் சாலையில். தூரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஒரே குன்று: பஞ்சபாண்டவர் மலை. ஒரு மணி நேரத்தில் ஏறிப் பார்த்து இறங்கிவிடலாம், அதனால் குழந்தைகளோடு போக இதுதான் சரி. உருண்டைப் பாறைகளுக்கு அடியில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், சற்றுத் தள்ளி சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். கல்வெட்டுதான் வேடிக்கை: எழுத்தெல்லாம் தலைகீழாக, வலமிருந்து இடமாக ஓடுகிறது. தொண்டியைச் சேர்ந்த உபாசகர் (இல்லற அடியார்) ஒருவர் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகளின் உறைவிடம், என்று படிக்கிறார்கள். அக்கா மகளிடம் சொன்னதும் குனிந்து, காலிடுக்கு வழியாகத் தலையை விட்டுப் பார்த்தாள். "இப்பவும் ஒண்ணும் புரியல மாமா" என்றாள்.

மாலை நாலரைக்கு மேல் போனால் பாறையின் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும். அரிட்டாபட்டியின் அமைதியை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். சுற்றுவட்டாரத்தில் கிரானைட் வெட்டியெடுத்த பள்ளங்கள் தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. 2012-ல் குவாரிகளை நிறுத்தினார்கள், பள்ளங்கள் அப்படியே நிற்கின்றன. விளிம்புக்குப் போய் செல்ஃபி எடுக்க வேண்டாம்.

அப்புறம் அழகர்மலை. கள்ளழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு 3 கிலோமீட்டர் போல, அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேலே ராக்காயி அம்மன் கோயிலும் நூபுர கங்கைத் தீர்த்தமும். முழுக்க தார்ச்சாலை, பெரும்பாலும் மரநிழல். முட்டி வலிக்காரர்கள் வேனில் ஏறி மேலே போய், இறங்கும்போது மட்டும் நடக்கலாம். என் அம்மா அப்படித்தான் செய்வார். சுகமான நடை என்றாலும் தனிமையான நடை இல்லை. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும், குரங்குகள் கையில் பை இருந்தால் விடாது. தேங்காய், பழத்தை மூடிய பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா சமயமும் ஆடி அமாவாசையும் நடப்பதற்கான நாட்கள் அல்ல, கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆக, தனியாகவோ நண்பரோடோ என்றால் அரிட்டாபட்டி. பிள்ளைகளும் ஒரு மாலைப்பொழுதும் மட்டும் இருந்தால் கீழவளவு. பெரியவர்கள் கூட வந்தாலோ மாசி தாண்டிவிட்டாலோ அழகர்மலை. வெளியூர் விருந்தாளிக்கு நான் எப்போதும் முதலில் அரிட்டாபட்டியைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டில் வாக்கெடுப்பு வைத்தால் அழகர்மலை ஜெயித்துவிடும். காரணம் நடையும் இல்லை, நிழலும் இல்லை. கீழே கோயிலில் கிடைக்கும் பிரசாத தோசை. தோல் உளுந்தும் மிளகும் சுக்கும் போட்டு, அடை போலத் தடிமனாக நெய்யில் சுட்டிருப்பார்கள். மலையேறி இறங்கிய பசிக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது.