திருவையாறா, திருச்சியா, சிதம்பரமா? இசை ஆசிரியர் ஆக எங்கே சேரலாம்

அக்கா மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பாட்டுதான் படிப்பேன், அப்புறம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். வீடு தஞ்சாவூர், கையில் பெரிய பணம் கிடையாது. ஒரு மாதமாக இதே யோசனையாக இருந்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கிற வேறு வீடுகளுக்கும் உதவும்.

முதலில் பட்டமா, பட்டயமா (டிப்ளமோவா) என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், கல்லூரியெல்லாம் அதற்குப் பிறகுதான். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் தொடக்க வகுப்பு இசை ஆசிரியர் வேலைக்குப் பிளஸ் டூவில் 50 சதவீதத்தோடு இசையில் இளங்கலைப் பட்டமும் கேட்கிறார்கள். மூன்று வருடம் படித்து இசைக்கலைமணி பட்டயம் வாங்கியவர் எவ்வளவு அருமையாகப் பாடினாலும் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டியதுதான். மாநில அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் முக்கியம், ஆனால் இடங்கள் குறைவு. 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர்களுக்கு (இசை, ஓவியம், தையல், உடற்கல்வி) அறிவித்த 1325 இடங்களில் இசைக்குக் கிடைத்தது 86 மட்டுமே. அதனால் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொள்கிற படிப்புதான் வேண்டும் என்று முடிவு செய்தோம்: பி.ஏ. இசை, அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சி.

இந்தக் கணக்கில் திருவையாறு அரசு இசைக் கல்லூரி முந்துகிறது. 1965-இல் தொடங்கிய கல்லூரி, சென்னையில் இருக்கும் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இப்போது இணைந்திருக்கிறது. பட்டயம், பட்டம், ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். விடுதிச் செலவு இல்லை, ராத்திரி வீட்டுச் சாப்பாடு, விடியற்காலையில் சொந்த வீட்டில் அகார சாதகம், அதாவது 'ஆ' என்று இழுத்துப் பாடும் குரல் பயிற்சி. இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று பாட்டுப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் தெரியும்.

சிதம்பரத்துக்குப் பெயர் பெரிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது, கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்துக்கே அதுதான் தாய்வீடு. எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். ஆனால் தினமும் போய்வரும் தூரமில்லை. விடுதி, மெஸ், மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோவது என்று கூட்டிப் பார்த்தால் படிப்புக் கட்டணத்தை மற்றது தாண்டிவிடுகிறது. கடலூர், மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே சேரலாம்.

திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, பட்டம் பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை). பாட்டும் பரதமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நடனத்துக்குப் பாட ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல இடம். திருச்சியில் வீடு என்றால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, வேறொன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் சனி, ஞாயிறு வகுப்பு நடத்தும் ஒரு தனியார் இடத்தில் பணம் கட்டி டிப்ளமோ வாங்கினாள், எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமும் அதற்கு இல்லை என்பது விண்ணப்பம் போடும்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடம் போய்விட்டது. சேருவதற்கு முன்பே சான்றிதழில் யார் கையெழுத்து, யார் முத்திரை என்று கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர் பயிற்சி ஒரு வருடம் வீண் என்று சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது ஆண்களுக்கு ஒத்துவரும் தாழ்ந்த சுருதியில், பாடிப் பழகிய பையன் ஆறாம் வகுப்பில் போய் நின்று முதல் பாடமான சரளி வரிசையைத் தன் சுருதியிலேயே ஆரம்பித்தால் பிள்ளைகளின் குரல் கீழே இறங்காது, பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். ஐந்தரைக் கட்டைக்குச் சுருதியை ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு கையில் தாளமும் இன்னொரு கையில் சாக்பீஸுமாக நாற்பது பேரைச் சேர்த்துப் பாட வைப்பது தனி வித்தை. கச்சேரிப் பயிற்சி அதைக் கற்றுத் தராது.

விண்ணப்பம் திருவையாற்றுக்குத்தான் போடுகிறோம். குரல் தேர்வுக்காக இப்போதே மாயாமாளவகௌளை ராகத்தில் அலங்காரப் பயிற்சி ஏழையும் மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்) பாடிக்கொண்டிருக்கிறாள்.