விற்பனை அவுட்ரீச் மென்பொருள்: தனிக் கருவியா, சிஆர்எம்மோடு வருவதா?

சிறிய விற்பனை அணிக்கு அவுட்ரீச் மென்பொருள், அதாவது வாங்கக்கூடியவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து மெயில் அனுப்பித் தொடர்புகொள்ளும் கருவி, தேடுகிறீர்கள் என்றால், உங்கள் சிஆர்எம்முக்குள்ளேயே (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்) இருக்கும் சீக்வென்ஸ் வசதியை, அதாவது வரிசையாகத் தானே மெயில் அனுப்பும் வசதியை, முதலில் பாருங்கள். அது போதாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு வெளியே தேடலாம். எங்கள் அணியில் தனிக் கருவி ஒன்றை சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மோடு இணைத்துப் பல காலம் ஓட்டினோம். வேறு காரணங்களுக்காக சிஆர்எம்மையே மாற்ற வேண்டி வந்தபோது, தனிக் கருவியையும் விட்டுவிட்டு ஹப்ஸ்பாட் என்ற இன்னொரு சிஆர்எம்மின் விற்பனைப் பகுதியான சேல்ஸ் ஹப்பில் இருக்கும் சீக்வென்ஸுக்கே வந்துவிட்டோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

சந்தையில் இருப்பவற்றைத் தோராயமாக நாலு வகையாகப் பிரிக்கலாம். பெரிய அணிகளுக்கான தனித் தளங்கள் ஒரு வகை. அவுட்ரீச் என்றே பெயர் கொண்ட தளம், சேல்ஸ்லாஃப்ட் இரண்டும் இதில் முன்னணி. தொடர்பு விவரங்களின் தரவுத்தளத்தையும் மெயில் வரிசையையும் ஒன்றாகத் தரும் அப்போலோ போன்றவை அடுத்தது. இன்ஸ்டன்ட்லி, ஸ்மார்ட்லீட் போல ஏகப்பட்ட மெயில்பெட்டிகளை வைத்து அதிக எண்ணிக்கையில் அனுப்புவதற்கென்றே வந்தவை மூன்றாவது. சிஆர்எம்மோடு கூடவே வருபவை நாலாவது: ஹப்ஸ்பாட்டின் சீக்வென்ஸ், சேல்ஸ்ஃபோர்ஸின் சேல்ஸ் என்கேஜ்மென்ட், ஸோஹோ சிஆர்எம்மின் கேடன்ஸ் மாதிரி.

டெம்ப்ளேட், பெயரும் நிறுவனமும் தானாக நிரம்புவது, நேரம் குறித்து அனுப்புவது, நடுவில் 'இன்று போன் செய்' என்று ஒரு வேலையைச் செருகுவது, எந்த வரி நன்றாகப் போகிறது என்று ஒப்பிடுவது, இதெல்லாம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. டெமோ காட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நேரத்தைச் செலவழிப்பார்கள். இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: மெயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா? அப்படி நிற்பதற்கு யார் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியிருக்கிறது?

ஒரு வாடிக்கையாளர் ஆறு மாதத்துக்கு முன் உங்கள் இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்பினார். சேல்ஸ்ஃபோர்ஸில் அவர் ஒரு லீடாக (வாங்க வாய்ப்புள்ளவர்) பதிவானார். பிறகு வேறொரு விற்பனைப் பிரதிநிதி அவருடைய நிறுவனத்தோடு பேச ஆரம்பித்து, அதே ஆளைக் கான்டாக்ட்டாகச் சேர்த்தார், இந்த முறை அவருடைய இன்னொரு மெயில் முகவரியோடு. சேல்ஸ்ஃபோர்ஸில் லீடும் கான்டாக்ட்டும் வெவ்வேறு பதிவுகள். வெளியே இருக்கும் அவுட்ரீச் கருவி இரண்டையும் இழுத்துக்கொண்டு, தன் பக்கத்தில் இரண்டு நபர்களாக வைத்துக்கொள்ளும். விலைப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வாரத்தில், இன்னொரு பிரதிநிதியின் பெயரில் அவருக்கு ஒரு மெயில் போகிறது: "என் முந்தைய மெயிலைப் பார்க்க நேரம் கிடைத்ததா?" மனிதர் அதை அப்படியே ஃபார்வர்டு செய்து, "உங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே இல்லையா?" என்று கேட்கிறார். எங்களுக்கு இது நடந்தது. நாங்கள் அப்போது வைத்திருந்த கருவி கெட்ட கருவி ஒன்றும் இல்லை. அதற்குத் தெரிந்த இரண்டு நபர்களில் ஒருவர் பதில் போடவில்லை, அதனால் அடுத்த மெயிலை அனுப்பியது, அவ்வளவுதான்.

இரண்டு மென்பொருள்களை ஒட்டினால் இந்த மாதிரி இடைவெளி எங்கெல்லாம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வேறு முகவரியிலிருந்து பதில் போட்டால், கருவி அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். 'இனி மெயில் வேண்டாம்' என்று ஒருவர் சொன்னதை ஒரு பக்கத்தில் குறித்தால், மறுபக்கத்தில் அதற்கு ஈடான ஃபீல்டு (பதிவில் உள்ள கட்டம்) இணைக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் லீடுக்குத் தனியாக, கான்டாக்ட்டுக்குத் தனியாக. யாரோ சிஆர்எம்மில் ஒரு ஃபீல்டின் பெயரையோ வகையையோ மாற்றினால், சிங்க், அதாவது இரண்டு பக்கத் தரவையும் ஒத்துப்போக வைப்பது, அந்த ஒரு இடத்தில் மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். எர்ரர் பட்டியலை யாராவது திறந்து பார்த்தால்தான் தெரியும். சிங்க் என்பதே நொடிக்கு நொடி நடப்பதும் இல்லை, பல கருவிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருகின்றன. அப்படிப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சேல்ஸ்ஃபோர்ஸ் அனுமதிக்கும் தினசரி ஏபிஐ அழைப்புகளின் (வெளி மென்பொருள் தரவு கேட்டு வரும் தடவைகள்) கணக்கில் சேரும்.

இதையெல்லாம் சமாளிக்க முடியாதா என்றால், முடியும். அவுட்ரீச்சில் ரூல்செட், ட்ரிக்கர் என்று நுணுக்கமான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. யாராவது 'அலுவலகத்தில் இல்லை' என்ற தானியங்கி பதில் அனுப்பினால் அதை உண்மையான பதிலோடு குழப்பிக்கொள்ளாமல் வரிசையை நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் வசதியும் உண்டு. நன்றாக அமைத்து வைத்தால் அருமையாக ஓடும். ஆனால் அமைத்து வைப்பதற்கும், அமைத்தது கெடாமல் பார்த்துக்கொள்வதற்கும் ஒரு ஆள் வேண்டும். பெரிய நிறுவனங்களில் சேல்ஸ் ஆப்ஸ் என்று அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட அணியில் அந்த வேலை யார் தலையில் விழும்? விற்பனை மேலாளர் வெள்ளிக்கிழமை மாலையில் டூப்ளிகேட் பதிவுகளைத் தேடி ஒன்றாக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்கு எந்த விலைப்பட்டியலிலும் கணக்கு இல்லை.

சிஆர்எம்முக்குள்ளேயே சீக்வென்ஸ் இருந்தால் இந்தப் பிரச்சினையில் பாதிக்கு மேல் பிறப்பதே இல்லை. ஹப்ஸ்பாட்டில் ஒரு கான்டாக்ட்டை ஒரே நேரத்தில் ஒரு சீக்வென்ஸில்தான் சேர்க்க முடியும். முதலில் இது எரிச்சலாக இருந்தது. இரண்டு பிரதிநிதிகள் ஒரே ஆளைத் துரத்துவதை இந்தத் தடைதான் தடுக்கிறது என்று புரிந்த பிறகு எரிச்சல் போய்விட்டது. அவர் பதில் போட்டாலோ, மீட்டிங் பதிவு செய்தாலோ வரிசை தானாக நிற்கிறது. ஒரே நபருக்கு இரண்டு மெயில் முகவரிகள் இருந்தால் இரண்டையும் ஒரே பதிவில் வைத்துக்கொள்ளலாம். டீல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கடைசியாக யார் பேசினார்கள், சேவைப் பிரிவில் ஏதாவது புகார் நிலுவையில் இருக்கிறதா என்பதெல்லாம் சீக்வென்ஸில் சேர்க்கும் அதே திரையில், அதே பதிவில் தெரிகிறது. ஒட்டுப்போட வேண்டிய இடமே இல்லாததால் ஒட்டுப் பிரியும் கவலையும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெளிக் கருவி எதை இணைத்தாலும் உங்கள் சிஆர்எம்முக்கான சாவி ஒன்றை அதனிடம் கொடுக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில், சேல்ஸ்லாஃப்ட் அதற்கு முந்தைய ஆண்டு வாங்கியிருந்த டிரிஃப்ட் சாட் சேவையின் இணைப்பு டோக்கன்கள், அதாவது அந்த மாதிரிச் சாவிகள், திருடப்பட்டு, அவற்றைக் கொண்டு ஏராளமான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவு எடுக்கப்பட்டது. கிளவுட்ஃப்ளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், ஸீஸ்கேலர் போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களே தாங்கள் பாதிக்கப்பட்டதாக அறிவித்தன. எந்த நிறுவனத்துக்கும் இது நடக்கலாம், சிஆர்எம் நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் சாவிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது நல்லது. ஏற்கெனவே இணைத்திருந்தால், அந்தக் கருவிக்கு எந்தெந்தப் பதிவுகளைப் படிக்கும் அனுமதி உண்மையில் தேவை என்று ஒருமுறை போய்ப் பார்த்து, மீதியை எடுத்துவிடுங்கள்.

மெயில் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேருமா என்பதைப் பற்றி. இதில் எந்தக் கருவி உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில் பெரிய அர்த்தம் இல்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுவதற்கு, உங்கள் டொமைனில் நீங்கள் அமைப்பவை. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புபவர்களுக்கு கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றைக் கட்டாயமாக்கியது. விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியையும் கேட்கிறது. ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருப்பதே நல்லது என்கிறது. மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2025 மே மாதத்திலிருந்து இதே திசையில் போனது. 0.3 சதவீதம் என்றால் ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் 'ஸ்பாம்' பட்டனை அழுத்துவது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத சீக்வென்ஸ் ஒன்றே அந்த மூன்று பேரைச் சம்பாதித்துக் கொடுத்துவிடும்.

5,000 கணக்கில் பலர் கவனிக்காதது, அது முதன்மை டொமைன் முழுவதற்கும் சேர்த்தது என்பது. மார்க்கெட்டிங் அணி அனுப்பும் செய்திமடலும் நீங்கள் அனுப்பும் சீக்வென்ஸும் ஒரே கணக்கில்தான் ஏறும். ஒருமுறை அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் கூகுள் உங்களை நிரந்தரமாக மொத்த அனுப்புநர் பட்டியலில் வைத்துவிடும். ஆகவே கருவி வாங்கும் கூட்டத்துக்கு மார்க்கெட்டிங் ஆளையும் கூப்பிடுங்கள்.

இன்ஸ்டன்ட்லி, ஸ்மார்ட்லீட் வகைக் கருவிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகின்றன: கூடுதலாகப் பதிவு செய்த பல தனி டொமைன்கள், ஒவ்வொன்றிலும் சில மெயில்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது, நம்பகமான பெட்டிகளாகத் தெரிய வார்ம்-அப் என்ற பெயரில் பெட்டிகள் தங்களுக்குள் மெயில் பரிமாறிக்கொள்வது. பெட்டி எண்ணிக்கைக்குத் தனிக் கட்டணம் இல்லாததால் மலிவாகத் தெரியும். ஆனால் டொமைன்களைப் புதுப்பிப்பது, ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ் பதிவுகளைச் சரிபார்ப்பது, கெட்டுப்போன பெட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பது என்று பராமரிப்பு முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடும். வார்ம்-அப்பை கூகுள் விரும்புவதும் இல்லை. 2023 தொடக்கத்தில் ஜிமாஸ் என்ற மெயில் கருவி தன் வார்ம்-அப் சேவையையே மூட வேண்டி வந்தது அதனால்தான். குறைந்த மதிப்புள்ள பொருளை ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரலாம். நான் அந்த அளவில் விற்றதில்லை என்பதால் இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

அப்போலோவின் பலம் எளிதானது: யாரைத் தொடர்புகொள்வது என்றே தெரியாத நிலையில் பட்டியலும் மெயிலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. புதிய சந்தைக்குள் நுழையும் அணிக்கு இது பெரிய உதவி. நாங்கள் பட்டியல் எடுப்பதற்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறோம், அதன் சீக்வென்ஸை ஓட்டியதில்லை. பட்டியலை வாங்கி ஹப்ஸ்பாட்டில் கொட்டி மார்க்கெட்டிங் மெயில் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். வாங்கிய பட்டியல்களுக்கு அப்படி அனுப்புவதை ஹப்ஸ்பாட் அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அனுப்பினால் 2018-லிருந்து நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, நான் எடுத்த பக்கத்தின் குறைகள். சீக்வென்ஸ் வேண்டும் என்றால் சேல்ஸ் ஹப்பின் ப்ரொஃபெஷனல் நிலைக்குப் போயாக வேண்டும், கீழே இருக்கும் திட்டங்களில் கிடையாது. அந்த விலைத் தாவல் சின்ன அணிக்கு உறுத்தும். ஒருவர் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய சீக்வென்ஸ் மெயிலுக்கு ப்ரொஃபெஷனலில் 500 என்ற உச்சவரம்பு இருக்கிறது. எங்களுக்கு அது எட்டாத உயரம், உங்களுக்கு அப்படி இல்லாமல் போகலாம். நாள் முழுக்க போன் போடும் அணிக்கு அவுட்ரீச், சேல்ஸ்லாஃப்ட் பக்கம் கூடுதல் வசதிகள் உண்டு. நாங்கள் அதிகம் போன் செய்வதில்லை, அதனால் டயலர்களை (போன் போட உதவும் வசதிகள்) ஒப்பிடும் அனுபவம் எனக்குக் குறைவு. சேல்ஸ்ஃபோர்ஸிலேயே இருந்துகொண்டு அதன் சேல்ஸ் என்கேஜ்மென்ட்டை ஓட்டுவதும் நான் சொல்லும் காரணத்தின்படி சரியாகவே இருக்க வேண்டும், ஆனால் அன்றாடம் பயன்படுத்தியவர் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சிஆர்எம்மை விட்டுப் போகும் நாளில் சீக்வென்ஸும் அதன் வரலாறும் கூடவே சிக்கிக்கொள்ளும். தனிக் கருவிக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஐம்பது, நூறு பேர் விற்கும் அணி, முழுநேர ஆப்ஸ் ஆள், ஆழமாக ஊறிப்போன சேல்ஸ்ஃபோர்ஸ், இந்த மூன்றும் இருந்தால் அவுட்ரீச்சையோ சேல்ஸ்லாஃப்ட்டையோ தாராளமாகப் பாருங்கள். இருவரும் விலையைத் தளத்தில் வெளியிடுவதில்லை, பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம்தான். சேல்ஸ்லாஃப்ட் 2025-இல் கிளாரி என்ற நிறுவனத்தோடு இணைந்திருப்பதால், உங்களுக்குப் பிடித்த அம்சம் எந்தத் தயாரிப்பில் தொடரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எதை எடுத்தாலும், 'எத்தனை பேர் திறந்தார்கள்' என்ற எண்ணை வைத்துக் கருவிகளை ஒப்பிடாதீர்கள். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, படம் இறங்கியதைக் கருவி 'திறந்தார்' என்று எண்ணிக்கொள்கிறது. நிறுவனங்களின் பாதுகாப்பு ஸ்கேனர்கள் மெயிலில் உள்ள லிங்க்குகளைத் தாங்களே தொட்டுப் பார்க்கின்றன. 'திறந்தால் இதை அனுப்பு, திறக்காவிட்டால் அதை அனுப்பு' என்று கிளை பிரிக்கும் அம்சத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் வீண். பதில்களையும் மீட்டிங்குகளையும் மட்டும் எண்ணுங்கள்.

சோதனைக் காலத்தில் விற்பனையாளர் தரும் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் சொந்த ஆட்களையே வாடிக்கையாளராக்குங்கள். ஒரே ஆளை இரண்டு முகவரிகளில் சேர்த்து, சீக்வென்ஸ் போகாத முகவரியிலிருந்து பதில் போடச் சொல்லுங்கள். இன்னொருவரை 'அலுவலகத்தில் இல்லை' வைக்கச் சொல்லுங்கள். மூன்றாமவரின் பெயரில் சிஆர்எம்மில் ஒரு டீலைத் திறந்து விலைக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். நாலாமவர் விலகும் லிங்க்கை அழுத்தட்டும். பிறகு வேறொரு பிரதிநிதி அவரை மறுபடியும் சேர்க்க முயலட்டும். அடுத்த மெயில் போக வேண்டிய நாள்வரை காத்திருந்து, யாருக்கெல்லாம் போனது என்று பாருங்கள். தவறாகப் போன ஒவ்வொன்றுக்கும், அதைச் சரிசெய்ய எந்தத் திரையில் என்ன மாற்ற வேண்டும், உங்கள் அணியில் அதை மாற்றப்போவது யார் என்று விற்பனையாளர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.