பன்னிரண்டரை இஞ்ச் போதும்: மண்டித் தெருவில் கணக்கு எழுதுகிறவளின் லேப்டாப்

வேலூர் மண்டித் தெரு, லாங்கு பஜார் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தனியாக ஆபீஸ் எல்லாம் கிடையாது. சேண்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, கடை கடையாகப் போய், கல்லா ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பில்களை டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் என் மாதம் ஓடுகிறது.

கல்லா மேஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இடம் எவ்வளவு என்று. எலக்ட்ரானிக் தராசு, பில் புக்கு, பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி, ஊதுவத்தி ஸ்டாண்டு, முதலாளியின் டிபன் பாக்ஸ். இவை போக மிஞ்சும் மூலையில் 15.6 இஞ்ச் லேப்டாப்பை விரித்தால் பாதி மேஜைக்கு வெளியே தொங்கும். அதனால் பழைய பெரிய லேப்டாப் படுத்துவிட்டபோது எனக்கு வேண்டியது தெளிவாகவே இருந்தது: சின்னதாக இருக்க வேண்டும், இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது, டேலியும் எக்ஸெலும் பிரவுசரும் ஒரே நேரத்தில் திறந்திருந்தாலும் மூச்சு வாங்கக் கூடாது.

இருபதாயிரத்துக்குள் புதுசு என்று தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரே ஜாதகம்தான். 11.6 அல்லது 14 இஞ்ச் திரை, செலரான் பிராசசர், போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி ரேம், 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியை விட மெதுவான, மலிவான வகை) சேமிப்பு. அட்டைப்பெட்டி வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும். அந்த அடிமட்டத்திலேயே வாங்கிவிட்டு, மேலே டேலி, பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும் 2பி எக்ஸெல் (வாங்கிய பில்களுக்கான வரி வரவை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்), வாட்ஸப் வெப் என்று ஏற்றினால் என்ன ஆகும்? நான் கணக்கு எழுதும் ஒரு கடையில் முதலாளி பையனுக்கு அப்படி ஒன்று வாங்கியிருந்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, அந்த விலையில் யார் செய்தாலும் சமாச்சாரம் ஏறக்குறைய அதுதான். அதில் ஒரு மதியம் வேலை பார்த்தேன். ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் எதிர்க்கடையில் மூட்டை இறக்கி முடித்துவிட்டார்கள். பிறகு ஒரு அப்டேட் வந்தது, இடம் போதவில்லை என்றது. ரேமை ஏற்றலாம் என்றால் கழற்றுவதற்கு அங்கே ஸ்லாட்டே இல்லை.

இன்னொரு விஷயம் வெயில். இந்தச் சின்னப் புது மாடல்களில் பலவற்றுக்கு ஃபேன் கிடையாது. சத்தமே வராது என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஏசி ரூமில் பெருமைதான். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், மண்டிக் கடைகளில் பாதிக்கு மேலே தகரக் கூரை. சூட்டைத் தள்ள வழியில்லாத பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்று மணிக்கு மேல் டேலியில் ஒரு வவுச்சர் சேவ் ஆவதற்குள் ஒரு வாய் மோர் குடித்துவிடலாம்.

ஜியோபுக், குரோம்புக் இரண்டையும் கேட்பவர்களுக்காக ஒரு வரி. ஜியோபுக் 2023 ஜூலையில் 16,499 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டது. எடை 990 கிராம், தூக்குவதற்கு அருமை. ஆனால் இரண்டிலும் விண்டோஸ் இல்லை, டேலியை நேரடியாகப் போட முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சரி, எனக்கு ஆகாது.

ஆக மிச்சமிருந்தது செகண்ட் ஹேண்ட். பெரிய கம்பெனிகள் ஆபீசுக்காக மொத்தமாக வாங்கி, சில வருஷம் ஓட்டிவிட்டு லாட்டாகக் கழித்துவிடும் லேப்டாப்கள். டெல் லாட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக் என்று வரிசையாக வரும். புதிதில் இவை லட்சத்தை ஒட்டி விற்ற சரக்கு. கீல், கீபோர்டு, உடம்பு எல்லாம் அந்த விலைக்குச் செய்தவை. நான் எடுத்தது 2018-இல் வந்த லாட்டிடியூட் 7290. பன்னிரண்டரை இஞ்ச், சுமார் ஒன்றேகால் கிலோ, ஐ5-8250யு பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 17,500 ரூபாய்.

வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், அதற்கு முந்தியவற்றில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர. அதனால் ஆறாவதும் ஏழாவதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்து குவிகின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 7280-உம் 7290-உம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். முன்னது ஆறு, ஏழாம் தலைமுறை, பின்னது பெரும்பாலும் எட்டு. விலையில் இரண்டாயிரம் மூன்றாயிரம்தான் வித்தியாசம் சொல்வார்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது உரித்து ஒட்டக்கூடிய சமாச்சாரம். ஆன் பண்ணச் சொல்லி, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் பிராசசர் பெயரைப் படியுங்கள். ஐ5-7300யு என்றால் ஏழு, ஐ5-8250யு என்றால் எட்டு. கோடுக்கு அடுத்த முதல் எண், அவ்வளவுதான்.

கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளைதான். "எடுத்துகினு போங்கக்கா, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, புடிக்கலன்னா மாத்திக்கலாம்" என்றான். பில் கேட்டேன். அங்கேதான் முகம் மாறியது.

"பில்லு வேணும்னா பதினெட்டு பர்சன்ட் மேல ஆவுங்க்கா."

கணக்கு எழுதுகிறவளிடம் இதைச் சொல்லலாமா? பழைய பொருளை வாங்கி விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி விதிகளில் 32(5) என்று தனி வழியே இருக்கிறது. வாங்கும்போது கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்காமல், பொருளின் தன்மையை மாற்றாமல் சின்னச் சின்ன ரிப்பேர் மட்டும் பார்த்து விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வரி. பதினாலாயிரத்துக்கு வாங்கி 17,500-க்கு விற்றால் 3,500-க்கு 18 சதவீதம், அதாவது 630 ரூபாய். முழு விலைக்கும் போட்டால் 3,150. இதை அவன் கால்குலேட்டரிலேயே தட்டிக் காட்டினேன். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் ஓனருக்குப் போன் போட்டான். கடைசியில் 17,500-க்கே, சீரியல் நம்பர் எழுதி, மூன்று மாத வாரண்டி என்று குறித்து, பில் கொடுத்தார்கள். சீரியல் நம்பர் இல்லாத பில் வாரண்டிக்கு உதவாது, அதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தாலும் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

கடையிலேயே இன்னும் இரண்டு சோதனை செய்தேன். ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போனால், பழைய கம்பெனி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பூட்டியிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அங்கேயே வரும். அடுத்தது விண்டோஸ் உரிமம். இந்த ஆபீஸ் மாடல்களில் பெரும்பாலும் ஒரிஜினல் சாவி போர்டிலேயே பதிந்து இருக்கும். ஆனாலும் சில கடைகளில் வேகமாக முடிக்க வேண்டும் என்று ஏதோ ஒரு திருட்டு காப்பியைப் போட்டுத் தந்துவிடுகிறார்கள். ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஓரளவு புரியும். நான் வீட்டுக்கு வந்ததும் முழுக்க அழித்துப் புதிதாக விண்டோஸ் 11 போட்டேன், தானாகவே ஆக்டிவேட் ஆனது. அடுத்தவர்கள் பணம், அடுத்தவர்கள் பான் நம்பர் எல்லாம் ஓடும் கருவியில் யாரோ போட்ட விண்டோஸை வைத்துக்கொள்ள மனசு வராது.

இனி அன்றாடப் பாடு. டேலியில் கை மவுஸைத் தொடவே தொடாது. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். சின்ன லேப்டாப்களில் இந்த மேல்வரிசை சத்தம் கூட்ட, வெளிச்சம் குறைக்க என்று வேறு வேலை பார்க்கும். எஃப்8 வேண்டுமானால் எஃப்என்னையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதில் எஃப்என்னோடு எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் பூட்டு மாதிரி நின்றுவிடுகிறது, அப்புறம் தொல்லை இல்லை. வாங்கும் மாடல் எதுவானாலும் இந்த வசதி உண்டா என்று பாருங்கள். எண் பலகை இந்த அளவில் கிடையாது, எதிர்பார்க்கவும் கூடாது. தனியாக யுஎஸ்பி எண் பலகை ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். இரண்டு பெரிய யுஎஸ்பி ஓட்டைகளில் ஒன்று அதற்கு, இன்னொன்று டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு. மவுஸ் வேண்டுமானால் புளூடூத்தில்தான். எச்டிஎம்ஐ இருக்கிறது, டைப்-சி வழியாக சார்ஜும் ஏறுகிறது.

கீபோர்டு அருமை. சின்ன மாடல் என்பதால் எழுத்துகளை நசுக்கவில்லை. பாக்கிக்காரர்களுக்கு முதலாளி சொல்லச் சொல்லத் தமிழில் கடிதம் அடிக்க வேண்டியிருக்கும். விண்டோஸிலேயே தமிழ்99 இருப்பதால் தனி மென்பொருள் எதுவும் போடவில்லை.

திரைக்கு வருவோம். இந்த மாடலில் 1366-க்கு 768, 1920-க்கு 1080 என்று இரண்டு வகை வருகிறது. விலை குறைவாகக் கிடைப்பது முதல் வகை. என்னுடையதும் அதுதான். டேலிக்குப் போதும். ஆனால் 2பி ஷீட்டைத் திறந்தால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளியே விரல் தேய்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறமும் வெளுத்துவிடும். வெல்ல மண்டிக்காரர் ஒருவர், "இன்னாம்மா ஒண்ணும் தெர்லியே" என்று குனிந்து குனிந்து பார்ப்பார். இதிலும் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு கடையின் கணக்கை இன்னொரு கடைக்காரர் எட்டிப் பார்க்க முடியாது. ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்க முடிந்தால் 1080 வகையையே எடுங்கள் என்பேன். எழுத்து பொடியாகத் தெரியும், 125 சதவீதம் வைத்துக்கொண்டால் நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கும் சரியாக இருக்கும்.

பேட்டரிதான் பழைய பொருள் என்பதை ஞாபகப்படுத்துகிறது. மூன்று மணி நேரம் தாக்குப் பிடிக்கிறது, அதற்கு மேல் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை எடுத்தால் சாயங்காலம்தான் வரும். அந்த நாளில் இரண்டு கடைக்கு மேல் முடியாது. புது பேட்டரி மாற்றுவதாக இருந்தால், கீழ் மூடியைத் திறந்தால் போதும், ஒரு பிளக்கும் சில ஸ்க்ரூவும்தான். மாற்றும் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஃபேன் இருப்பதால் வெயிலில் வேகம் விழுவதில்லை, பதிலுக்குத் தூசியை இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது. மண்டியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதியே ஆக வேண்டும். வெல்ல மண்டியில் லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு டீக்குப் போனால் கீபோர்டு இடுக்கில் எறும்பு ஏறும், இது எந்த விமர்சனத்திலும் எழுதியிருக்காது.

புதுசுதான் வேண்டும், கேரண்டி கார்டு வேண்டும் என்பவர்கள் 2023-இல் வந்த இன்டெல் என்100 பிராசசர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி மூன்றும் சேர்ந்த மாடலாகப் பார்க்கலாம். நாலு கோர், கரண்டு குறைவாகத் தின்னும், பழைய செலரானோடு ஒப்பிடவே முடியாது. இஎம்எம்சி என்று போட்டிருந்தால் மட்டும் வேண்டாம்.

இன்ஜினியரிங் படிக்கும் என் பையன் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம்மா, இதுல கேட் (CAD) சாஃப்ட்வேர் ஓடாது" என்றான். ஓடாதுதான். வரைபடம், வீடியோ எடிட்டிங், கேம் என்று இருக்கிறவர்களுக்கு இந்த அளவும் இந்த விலையும் சரிப்படாது. அவனுக்குத் தனியாகத்தான் பார்க்க வேண்டும், அதற்கு இந்தப் பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு ஆகும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.