குழந்தைப் பாதுகாப்புத் தரவு: காகிதமா, எக்செலா, கோபோவா, ப்ரிமேரோவா?

குழந்தைப் பாதுகாப்பு கேஸ்களை (ஆபத்தில் உள்ள ஒரு குழந்தைக்கு உதவும் பணி ஒவ்வொன்றும் ஒரு கேஸ்) பதிவு செய்ய மென்பொருள் தேடுபவர்கள் முதலில் கேட்பது, "இலவசமா? நெட் இல்லாமல் ஓடுமா?" என்றுதான். நியாயமான கேள்விகள். ஆனால் உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கையா, ஒரே குழந்தையை மாதக்கணக்கில் பின்தொடரும் வசதியா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

காகிதத்திலிருந்து தொடங்குவோம். காகித ஃபைல் என்றால் பலருக்கு இளக்காரம், எனக்கு இல்லை. ஃபைல் அட்டையில் குறியீட்டு எண் மட்டும்; அந்த எண் எந்தக் குழந்தை என்று சொல்லும் பதிவேடு வேறொரு பூட்டிய அலமாரியில். இந்த ஏற்பாட்டை எவரும் தொலைவிலிருந்து ஹேக் செய்ய முடியாது. மனிதாபிமானச் சூழல்களுக்கான குழந்தைப் பாதுகாப்புக் குறைந்தபட்சத் தரநிலைகள், ஒரு களப்பணியாளரிடம் 25 குழந்தைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்கின்றன. நான்கு பேர் கொண்ட குழுவென்றால் அதிகபட்சம் 100 ஃபைல், ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில்: அடுத்த வாரம் யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று அலமாரி நினைவூட்டாது. தீயோ வெள்ளமோ வந்தால் மாற்றுப் பிரதியும் இருக்காது.

அப்புறம் எக்செல். உலகத்தில் அதிகம் புழங்குவது இதுதான், அதிகம் கசிவதும் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை என்று ஆரம்பிப்பீர்கள். முதல் சந்திப்புவரை அழகாக இருக்கும். இரண்டாவது சந்திப்பு வந்ததும் வலப்பக்கம் 'பின்தொடர்தல் 2' என்று ஒரு பத்தி முளைக்கும், பிறகு 3, 4, 5. பத்தி வேண்டாம், புது வரிசை போடுவோம் என்றால் ஒரே குழந்தை இரண்டாக எண்ணப்படும். பெயரை ஒருவர் 'முகமது' என்றும் இன்னொருவர் 'மொஹமத்' என்றும் அடித்திருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு.

அதைவிடப் பெரிய கோளாறு, ஃபைலைத் திறந்தவருக்கு எல்லாமே தெரியும் என்பது. மறைத்துவைத்த பத்தியை இரண்டு கிளிக்கில் மீட்டுவிடலாம். 'ஷீட் ப்ரொடெக்ட்' போட்டால் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறுதலாக எழுத்து மாறாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்தால்தான் உள்ளே இருப்பது குறியாக்கம் ஆகும், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாறும். அந்த பாஸ்வேர்டையும் அதே மின்னஞ்சலில் அனுப்பிவைப்பவர்களுக்கு வைத்தியம் இல்லை. பெயர், முகவரி எதுவும் இல்லாமல், குறியீட்டு எண், அடுத்த சந்திப்புத் தேதி, கேஸின் நிலை என்ற மூன்று பத்தியோடு நிறுத்திக்கொண்டால் எக்செல் நல்ல வேலைக்காரன். காகித ஃபைலில் இல்லாத நினைவூட்டலை அது தந்துவிடும்.

கோபோ டூல்பாக்ஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பிரிவில் வளர்ந்த கருவி. கணக்கெடுப்புக்கு இதைவிட எளிதானது கிடைப்பது கஷ்டம்: போனில் ஃபார்மை நிரப்பி, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடலாம். ஒரு முகாமில் எத்தனை குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்திருக்கிறார்கள், விளையாட்டு மையத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கெல்லாம் சரி. கேஸ் ஃபைலுக்கு வேண்டாம் என்பேன். அனுப்பும் ஒவ்வொரு ஃபார்மும் தனித்தனியாக நிற்கிறது. முதல் சந்திப்பையும் ஐந்தாவதையும் கோர்க்க வழி உண்டு என்றாலும் அது ஒட்டுவேலைதான். ஃபார்மைக் குறியாக்கம் செய்தால் இணையத்தில் நேரடியாகப் பார்க்க முடியாது, சாவிக் கோப்பைத் தொலைத்தால் தரவும் போனது போனதுதான்.

ப்ரிமேரோ என்ற மென்பொருளில் ஓடும் சிபிஐஎம்எஸ் பிளஸ் (CPIMS+, குழந்தைப் பாதுகாப்புத் தகவல் மேலாண்மை அமைப்பு) கேஸ்களைப் பின்தொடரும் வேலைக்கென்றே செய்யப்பட்டது. இதன் முன்னோடியை 2005-ல் யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன், சர்வதேச மீட்புக் குழு மூன்றும் சேர்ந்து உருவாக்கின. அடையாளம் காணல், மதிப்பீடு, திட்டம், பின்தொடர்தல், முடித்தல் என்று களப்பணியின் வரிசையிலேயே ஃபார்ம்கள் போகின்றன. களப்பணியாளர் தன் கேஸ்களை மட்டும் பார்க்கும்படியும், மேற்பார்வையாளர் தன் குழுவின் கேஸ்களைப் பார்க்கும்படியும் அமைக்கலாம். எனக்குப் பிடித்தது இதில் உள்ள ஒரு நுணுக்கம்: ஒரு சேவைக்காகப் பரிந்துரைப்பதும், கேஸையே இன்னொருவரிடம் ஒப்படைப்பதும் தனித்தனி. பரிந்துரைத்தால் கேஸ் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும். ஒப்படைத்தால் பொறுப்பு கைமாறும். யார் எப்போது எதைத் திறந்தார்கள், மாற்றினார்கள் என்ற பதிவும் இருக்கிறது.

மென்பொருளுக்குக் காசு இல்லை. சர்வருக்கும், நிர்வாகிக்கும், பயிற்சிக்கும் உண்டு. அமைப்புகளுக்கு இடையே தகவல் பகிர்வு ஒப்பந்தம் எழுதி முடிக்கவே மாதங்கள் ஆகலாம். அந்த ஒப்பந்தம் இல்லாமல் நிறுவினால், எக்செலில் இருந்த குழப்பம் அப்படியே சர்வருக்குக் குடிபெயரும். ஒரே குழுவும் சில பத்து கேஸ்களும் மட்டுமே என்றால் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. இரண்டு மூன்று அமைப்புகள் கேஸ்களைக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் வேறெதையும் யோசிக்க மாட்டேன்.

ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் சுகாதாரத் தகவல் மென்பொருளான டிஎச்ஐஎஸ்2-ஐ (DHIS2) அரசின் சுகாதாரத் துறை ஏற்கெனவே வைத்திருந்தால் மொத்த எண்ணிக்கைகளைச் சேர்க்க வசதி. சொந்தமாக மென்பொருள் எழுதுவது? எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அதை யார் திருத்துவார் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும்.

எதை எடுத்தாலும் சர்வர் என்று ஒன்று வந்தால் அது உடையலாம். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களில் நடந்த ஊடுருவலில், பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் திட்டத்தில் பதிவான 5,15,000-க்கும் மேற்பட்டோரின் தரவு அம்பலமானது. ஆகவே ஃபார்மில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அந்தப் பதிலை வைத்து யார் என்ன செய்யப்போகிறார் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். குழந்தையின் புகைப்படமும் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் பெரும்பாலும் அந்த வகைதான்.