ஹவ் வி ஃபீல் செயலி: 144 சொல்லில் நம்ம சொல் எது?

‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘ஏதோ இருக்கேன்’ என்று முடித்துக்கொள்கிறவர்களை மனநிலையைப் பதிந்துவைக்கும் இந்த ‘ஹவ் வி ஃபீல்’ செயலி முதல் நாளே மடக்கும். லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று யேல் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் மார்க் பிராக்கெட்டோடு சேர்ந்து உருவாக்கியது. முழுக்க இலவசம்.

திறந்ததும் நான்கு நிறங்கள். படபடப்பும் வேகமுமாக, ஆனால் பிடிக்காத நிலையில் இருந்தால் சிவப்பு. அதே வேகம் சந்தோஷத்தோடு இருந்தால் மஞ்சள். துவண்டு கிடந்தால் நீலம், நிம்மதியென்றால் பச்சை. நிறத்தைத் தொட்டால் சொற்கள் குமிழ்களாக விரியும்; நிறத்துக்கு 36, மொத்தம் 144. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் உண்டு. பிறகு யாரோடு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தோம் என்று குறிக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

பலரும் சறுக்குவது சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். மீட்டிங்கில் மேலாளர் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டார். கை தானாக ‘ஆங்ரி’யைத் தொடும். நீலப் பக்கம் போய் ‘டிஸப்பாயிண்டட்’டையும் பாருங்கள். அநியாயம் நடந்தது என்று பட்டால் கோபம்; எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் ஏமாற்றம். முதலாவதென்றால் அவரிடமே பேச வேண்டியிருக்கும், இரண்டாவதென்றால் நம் எதிர்பார்ப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலக் குமிழ்களுக்குள் நுழையும் முன் தமிழில் ஒரு சொல்லை மனசில் பிடித்துக்கொள்வது நல்லது: கடுப்பா, ஆற்றாமையா, மனத்தாங்கலா? மனத்தாங்கலுக்கு நேரான குமிழைத் தேடி நேரத்தை வீணாக்காமல் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ராத்திரி படுக்கும்போது மொத்தமாகப் பதிந்தால் கடைசி ஒரு மணி நேரத்து மனநிலைதான் முழு நாளாகப் பதிவாகும். காலை 11, மாலை 6 என இரண்டு நினைவூட்டல் போதும். நாலைந்து வைத்தால் மூன்றாம் நாளே எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள்.

பதிந்தபின் வரும் குட்டி வீடியோக்கள் நான்கு வகை: யோசனையை மாற்றுவது, உடம்பை அசைப்பது, மூச்சைக் கவனிப்பது போன்றவை, இன்னொருவரை நாடுவது. சிவப்பில் கொதிக்கும்போது யோசனையை மாற்றச் சொன்னால் ஏறாது; முதலில் உடம்பை அசைக்கும் வகையை எடுங்கள்.

நண்பர்களோடு பகிரும் வசதி எங்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் பார்ப்பார் என்றாலே கை பச்சைக்குப் போகிறது.

இது சிகிச்சை இல்லை. இரண்டு வாரம் தொடர்ந்து நீலமாகவே இருந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.